வாசலில் நின்ற வண்டி

எங்கள் அப்பா பஸ் டிரைவர். கடைசி டிரிப் எங்கள் ஊரோடு முடிந்துவிடும். இரவு எட்டரை மணிக்கு வரும் பஸ், விடியற்காலை ஐந்து மணி வரைக்கும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஊரில் வேறு யார் வாசலிலும் அவ்வளவு பெரிய சொத்து நின்றதில்லை. ஆனால் அந்தச் சொத்தில் எங்களுக்கு ஓர் அங்குலம்கூட உரிமை இல்லை என்பதை 1984-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்து இரவு ஒன்றில் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. தாலுகா ஆஸ்பத்திரி 13 கிலோமீட்டர். பாட்டி வாசலில் நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அது கவர்மெண்டு வண்டி, ஆத்தா. காலையிலே ஜனங்க ஏறணும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் மாடு கேட்கப் போய்விட்டார் அப்பா. ஏரிக்கரையைத் தாண்டும்போது மாட்டு வண்டியிலேயே என் தம்பி பிறந்தான். தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, யாரோ ஒருவருடைய சைக்கிளில் திரும்பி வந்தார். ஐந்து மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டது. பஸ் புறப்பட்டுவிட்டது.

அந்தத் தம்பி இப்போது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறான். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் மாலை நெடுஞ்சாலையை ஒட்டிய லாரிப் பேட்டையில் காப்பிக்காக நிறுத்தினோம். வரிசையாக நின்ற லாரிகளில் ஒன்றின் அருகே, தரையில் ஜமக்காளம் விரித்து ஒரு குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தலைப்பாகை கட்டிய சர்தார்ஜி ஒருவர். பரிமாறியவள் அவருடைய தங்கை. எங்களைக் கண்டதும் அழைத்து, இரண்டு ரொட்டியைக் கையில் கொடுத்த பிறகுதான் ஊர் பேரே கேட்டார்.

தங்கையின் வீடு எட்டே மைலில் இருக்கிறதாம். "பின்னே ஏன் இங்கே?" என்று தம்பி இந்தியில் கேட்டான். சர்தார்ஜி சிரித்துக்கொண்டே விளக்கினார்.

அந்த நாட்டில் சரக்கு லாரி டிரைவர் பத்து மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்த பிறகு பதினொரு மணி நேரம்தான் ஓட்டலாம். அதையும் வேலை தொடங்கிய பதினான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். எஞ்சினோடு இணைந்த கருவி ஒன்று கணக்கு வைத்துக்கொள்கிறது. 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான லாரிகளில் அது கட்டாயம். ஆனால் வேலையிலிருந்து முழுக்க விடுபட்ட மனிதன் சாப்பிடவோ, வீட்டுக்கோ அதே லாரியில் போனால் அது வேலைக் கணக்கில் சேராது. முன்பு சரக்கு ஏற்றியிருந்தால் இந்தச் சலுகை இல்லை. 2018 மே மாதம் அதையும் தளர்த்தினார்கள். பாரம் இருக்கிறதா என்பதல்ல, யாருடைய காரியத்துக்காகப் போகிறான் என்பதே கேள்வி. பக்கத்தில் தங்க இடம் இருந்தும் மறுநாள் வேலைக்குக் கிட்டே போய்விடலாம் என்று ஓட்டினால், அது முதலாளியின் காரியம், செல்லாது. இத்தனை மைல்தான் என்ற வரம்பு கிடையாது. அடுத்த வீடான கனடாவிலோ நாளைக்கு 75 கிலோமீட்டர், பாரமும் இருக்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. சாதாரணமாக லாரி இருக்குமிடத்தைச் சுமார் ஒரு மைல் துல்லியத்தில் குறிக்கும் அந்தக் கருவி, 'சொந்தப் பிரயாணம்' என்று தெரிவித்துவிட்டால் பத்து மைல் சுற்றளவில்தான் குறிக்குமாம். சர்க்கார் நாகரிகமாக முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்கிறது!

"சட்டம் விடுகிறது, என் கம்பெனி விடவில்லை. பாரத்தோடு போகக் கூடாது என்று அவர்கள் தனியாக விதி வைத்திருக்கிறார்கள். வைக்கச் சட்டத்தில் இடமும் உண்டு" என்றார் சர்தார்ஜி.

"தங்கையின் காரில் போயிருக்கலாமே?"

அவர் லாரியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சரக்கு இருக்கிறதே!" என்றார்.

அந்தப் பார்வையை நான் அறிவேன். திண்ணையில் படுத்துக்கொண்டு அப்பா பஸ்ஸைப் பார்ப்பாரே, அதே பார்வை. வேலை முடிந்துவிட்டது, ஆனால் வேலை அவரை விடவில்லை.

அப்பா செய்தது சரி என்றுதான் நாற்பது வருஷமாகப் பெருமை பேசி வந்திருக்கிறேன். அன்று திரும்பும் வழியில் வேறொன்று தோன்றியது. அந்த அமெரிக்க விதி வண்டியைக் காப்பதற்காக ஏற்பட்டதல்ல. டிரைவரின் தூக்கத்தைக் காப்பதற்காக ஏற்பட்டது. அப்பா வண்டியைக் காப்பாற்றினார். ஆனால் அன்று காலை பஸ்ஸில் ஏறிய அத்தனை பேரும், இரவு முழுதும் கண்மூடாத ஒருவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் நம்மிடமும் 1961-ஆம் வருஷச் சட்டம் இருந்தது. நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்றது. மாட்டு வண்டியில் கழிந்த இரவை அது எந்தக் கணக்கில் எழுதும்?

இரவு அம்மாவுக்குப் போன் செய்தோம். தம்பி கதை முழுவதையும் சொன்னான். அம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் பேச்சே இல்லை.

"அன்னிக்குப் பஸ்ஸை எடுத்திருந்தா அரை மணியிலே போய்ச் சேர்ந்திருப்போம்" என்றாள் பிறகு. "எனக்காகச் சொல்லலைடா. அந்த மனுஷர் திரும்பி வந்து கொஞ்சம் தூங்கியிருப்பார்."