இலண்டன் வீதியில் மின் துவிச்சக்கரவண்டி

இலண்டன் மாநகரின் தென்பால் ரூட்டிங் என்றொரு பகுதி உண்டு. இப்பெயர் நம் வாசகர்களுக்குப் புதியதன்று. உறவினர் எவரேனும் அங்கே குடியிருப்பதாகச் சொல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. சென்ற கோடையில் நம் தங்கையின் இல்லத்திலே மூன்று வாரம் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. காலையில் வீதியில் இறங்கினால் ஒருபுறம் முத்துமாரி அம்மன் ஆலயத்து மணியோசை. மறுபுறம் கடைவாசலில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். குளிர்காற்று மட்டும் முகத்தில் அடிக்காவிட்டால் ஊரிலேயே நிற்கிறோம் என்று எண்ணிவிடலாம்.

அவ்வூரின் ஊடாகச் செல்லும் பெருவீதி மிகப் பழையது. உரோமர் இலண்டனிலிருந்து தென்கடற்கரையை அண்டிய சிச்செஸ்டர் வரை அமைத்த நெடுஞ்சாலையின் தடத்திலேயே அது செல்கிறது. அதன் கீழே 1926இல் திறக்கப்பட்ட பாதாளப் புகையிரதம் ஓடுகிறது. அதன் மேலே, 2010இல் துவிச்சக்கரவண்டிகளுக்கென்று நீல வர்ணம் பூசி ஒரு வழியை ஒதுக்கினர். கொலியர்ஸ் வூட்டில் தொடங்கி ரூட்டிங், பலம், கிளப்பம், ஸ்ரொக்வெல், கெனிங்ரன் வழியாகத் தேம்ஸ் நதியின் சதர்க் பாலத்தைக் கடந்து நகரின் நெஞ்சகம் வரை அது செல்லும். அந்த வழியில் ஒருநாள் நதிவரை போய்வருவதென்று நாம் முன்னமே உறுதி பூண்டிருந்தோம்.

துவிச்சக்கரவண்டியில் நமக்குள்ள பற்றை விளக்க வேண்டியதில்லை. 1990களில் எரிபொருளின்றிக் குடாநாடு முடங்கிக் கிடந்த காலத்திலும், 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் நம்மைச் சுமந்தது அதுவே. ஆயினும், அறுபதைக் கடந்த முழங்கால்கள் மேட்டைக் கண்டதும் முறையிடத் தொடங்கிவிடுகின்றன. இதை அறிந்த மருமகன், “மாமா, என்ரை புது வண்டியைக் கொண்டுபோங்கோ. உழக்கவே தேவையில்லை. கைப்பிடியை முறுக்கினால் பறக்கும்” என்று கூறி, வீட்டின் பின்புறக் கொட்டிலிலிருந்து ஒரு வண்டியை உருட்டி வந்தான்.

மருமகனுக்கு வயது இருபது. பகலில் தொழிற்கல்வி, மாலையில் உணவுச்சாலைகளிலிருந்து வீடுகளுக்கு உணவுப்பொதி கொண்டுசெல்லும் வேலை. அவ்வேலையில் மூன்று மாதம் சிறுகச்சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து, இணையம் வழியாக அந்த வண்டியை வாங்கியிருந்தான். தடித்த சில்லுகளும் கறுத்த சட்டமும் கொண்ட அது பார்வைக்கு மிடுக்காகவே இருந்தது. வண்டியைச் சுற்றிவந்த நம் கண்ணில் பின்சில்லின் நடுவே பொறிக்கப்பட்டிருந்த ஓர் எண் பட்டது: 1000 வாற்று. அருகிலே தங்கை மருத்துவமனை வேலைக்கு ஏறிச் செல்லும் மின் துவிச்சக்கரவண்டி நின்றது. அதிலே ஒட்டியிருந்த சிறு தகட்டைப் படித்தோம்: 250 வாற்று, மணிக்கு 25 கிலோமீற்றர்.

“ஏன் இந்த வித்தியாசம்?” என்று கேட்டோம். “இது நாலு மடங்கு பலம், மாமா” என்றான் அவன் பெருமையுடன். ஆனால் மைத்துனரின் முகம் மாறியது. அவர் பல்லாண்டுகளாக அந்நகரில் வாகனம் ஓட்டுபவர். “அது துவிச்சக்கரவண்டி இல்லை. சட்டத்தின் கண்ணிலே அது மோட்டார் சைக்கிள்” என்றார். அன்றிரவு உணவு மேசையில் பேச்சு முழுவதும் அதைப் பற்றியதாகவே இருந்தது.

பிரித்தானிய விதிகள் கூறுவதன் சாரம் இதுதான். மின்னால் உதவிபெறும் வண்டியொன்று துவிச்சக்கரவண்டி என்று கொள்ளப்பட வேண்டுமானால் அதற்கு உழக்கும் பெடல்கள் இருக்க வேண்டும். அவற்றால் வண்டியை ஓட்டவும் முடிய வேண்டும். மோட்டார் இடையறாது தரக்கூடிய வலு 250 வாற்றை மிஞ்சக் கூடாது. வேகம் மணிக்குப் பதினைந்தரை மைலை, அதாவது 25 கிலோமீற்றரை, எட்டியதும் மோட்டார் தன் உதவியை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் போக விரும்புகிறவர் தம் காலை நம்பிப் போகலாம், அதற்குத் தடையில்லை. வண்டியை உருட்டும்போது துணைசெய்வதற்காக மணிக்கு 6 கிலோமீற்றர் வரை மோட்டார் தானே இயங்கலாம். உழக்காமல், கைப்பிடியை முறுக்கி அதற்கு மேலும் ஓட்டும் புது வண்டிக்குத் தனியான வகை அங்கீகாரம் வேண்டும்.

இவ்வளவுக்கும் உட்பட்ட வண்டியைப் பதினான்கு வயது நிரம்பிய எவரும் ஓட்டலாம். சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டாம், பதிவு வேண்டாம், வரி வேண்டாம், காப்புறுதி வேண்டாம். தலைக்கவசம் அணிவது நன்றெனினும் கட்டாயமன்று. சாதாரண துவிச்சக்கரவண்டி போகும் வழியெல்லாம் அதுவும் போகலாம். அதைப்போலவே நடைபாதையில் ஏறக் கூடாது; இருட்டினால் விளக்கின்றிப் போகக் கூடாது.

250 என்னும் எண் அப்படியொன்றும் சிறியதன்று. ஒரு குதிரைவலு ஏறத்தாழ 746 வாற்று. ஆகவே இது அதில் மூன்றிலொரு பங்கு. சாதாரண உடல்நலமுள்ள ஒருவர் களைப்பின்றி நெடுநேரம் உழக்கினால் ஏறத்தாழ 100 வாற்று வலுவைத் தருவார். எனவே, நம்முடன் இன்னும் இரண்டு பேர் கண்ணுக்குத் தெரியாமல் ஏறியிருந்து உழக்குவதற்கு அது சமம். மேட்டில் சிறிது நேரம் மோட்டார் இதைவிடக் கூடுதலாகத் தருவதும் உண்டு. சட்டம் அளப்பது அந்தக் கணப்பொழுதின் வேகத்தையன்று. இயந்திரம் அளவுக்குமீறிச் சூடேறாமல் தொடர்ந்து தாங்கக்கூடிய வலுவையே அது கணக்கிற் கொள்ளும்.

இந்த எல்லையும் ஒரேநாளில் வந்ததன்று. 1983இல் விதிகள் முதலில் இயற்றப்பட்டபோது இருசில்லு வண்டிக்கு 200 வாற்றே உச்சம். வண்டியின் எடையும் 40 கிலோகிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும். 2015இல் வலு 250 ஆக உயர்ந்து, எடைக்கட்டுப்பாடு நீங்கி, ஐரோப்பிய நாடுகளின் அளவோடு ஒத்துப்போயிற்று. வட அயர்லாந்திலோ 2020 மே மாதம் வரை இத்தகைய வண்டிக்குப் பதிவும் அனுமதிப்பத்திரமும் வேண்டியிருந்தன. ஓர் அரசின் கீழேயே கடலுக்கு இப்பால் துவிச்சக்கரவண்டி, அப்பால் மோட்டார் வண்டி! வலுவை 500 வாற்றாக உயர்த்தலாமா என்று 2024இல் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. பின்னர் அந்த யோசனை கைவிடப்பட்டது.

“சரி, பிடிபட்டால் ஏதோ ஒரு தண்டம். கட்டிவிடலாம்” என்றான் மருமகன். மைத்துனர் எழுந்து கதவை மூடிவிட்டு வந்து, மெதுவாகவே பேசினார். எல்லை தாண்டிய வண்டி மோட்டார் வாகனமாகிவிடுகிறது. மோட்டார் வாகனத்தைக் காப்புறுதியின்றி ஓட்டினால் தண்டம் 300 பவுண். அதனுடன் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஆறு குற்றப்புள்ளிகள். வண்டியையும் பொலிஸார் கைப்பற்றிக்கொண்டு போகலாம். அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஆறு புள்ளிகள் விழுந்தால், அந்த அனுமதிப்பத்திரமே இரத்தாகிவிடும். பின்னர் எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் முதலிலிருந்து எழுதவும் ஓட்டவும் வேண்டும்.

மருமகன் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெற்று அப்போது எட்டு மாதமே ஆகியிருந்தது. வரும் செப்ரெம்பரில் மின்னிணைப்புத் தொழிலாளர் குழுவொன்றில் அவனுக்கு வேலை காத்திருந்தது. வீடுவீடாக வான் ஓட்டிச் செல்ல வேண்டிய வேலை அது. அவன் உணவை அளைந்தபடி இருந்தான். தங்கை ஒன்றும் பேசாமல் தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாட் காலை நதிக்குப் புறப்பட்டோம். தங்கையின் வண்டி நமக்கு. மைத்துனரின் பழைய சாதாரண வண்டி மருமகனுக்கு. தங்கையின் வண்டியைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். பெடலில் கால் வைத்ததும் யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளுவது போலிருக்கும். சிறுவயதில் நமக்குச் சைக்கிள் பழக்கிய தமையனின் கை நினைவுக்கு வந்தது. உழக்குவதை நிறுத்தினால் அந்தக் கையும் நின்றுவிடும். பலத்தில் உச்சம் பெற்ற நாம் பலவீனமுற்ற மருமகனை முந்திச் சென்றோம் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

பலம் கடந்து கிளப்பம் பசும்புல்வெளியை அணுகியபோது, வழியோரத்தில் நாலைந்து பொலிஸார் நின்றனர். வண்டிகளை மறித்து, பெடலையும் மோட்டாரையும் பார்த்து, பின்சில்லை நிலத்திலிருந்து உயர்த்திச் சுழலவிட்டனர். நம்முடைய தகட்டைக் குனிந்து படித்த ஒருவர் புன்னகையோடு போகச் சொன்னார். அப்பால் ஒரு பாரவண்டியில் கைப்பற்றிய வண்டிகள் ஐந்தாறு ஏற்றப்பட்டிருந்தன. அதன் அருகே ஓர் இளைஞன் உணவுப்பெட்டியை முதுகில் சுமந்தபடி நின்றான். எந்நாட்டவனோ அறியோம். பெட்டிக்குள் இருந்த உணவு யாருடைய வீட்டுக்கோ போக வேண்டியது, அது ஆறிக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியில் யாருக்கோ எதையோ விளக்க முயன்று, சொல் வராமல் நிறுத்தினான். மருமகன் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வந்தான். சதர்க் பாலம் வரை வாய் திறக்கவில்லை.

பாலத்தின் நடுவில் நின்று தேம்ஸைப் பார்த்தோம். நதி கலங்கிய தேநீர் நிறத்தில் கடலை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. களைப்பு மிகுந்ததால், “திரும்பும்போது பாதாளப் புகையிரதத்தில் ஏற்றிக்கொண்டு போவோமே” என்றோம். அதற்கும் இடமில்லையாம். 2025 பெப்ரவரியில் வடமேற்கு இலண்டனில் நிலைய மேடையொன்றிலே மின் துவிச்சக்கரவண்டி தீப்பற்றியது. அதைத் தொடர்ந்து, மடிக்கவியலாத மின் துவிச்சக்கரவண்டிகளைப் புகையிரதத்தில் ஏற்றுவது அவ்வாண்டு மார்ச் 31 முதல் தடைசெய்யப்பட்டது. மடித்து வைத்த வண்டிக்கு மட்டும் விலக்கு. ஆகவே வந்த வழியே உழக்கித் திரும்பினோம்.

அன்று மாலை மருமகன் தன் வண்டி விற்பனைக்கு வந்த பக்கத்தை மீண்டும் திறந்து படித்தான். படங்களுக்கும் புகழுரைகளுக்கும் அடியில், எறும்பெழுத்தில் ஒரு வரி இருந்தது: தனியார் நிலத்தில் மட்டும் ஓட்டுவதற்குரியது. விற்பது குற்றமன்று, தனியார் நிலத்திலே உடையவர் அனுமதியுடன் ஓட்டுவதும் குற்றமன்று. வீதியில் இறக்குபவனே அகப்படுகிறான். வண்டியைத் திரும்ப ஏற்க விற்றவர் இசையவில்லை. நண்பனொருவன், “ஒரு விசையைப் பொருத்தி வலுவைக் குறைத்துவிடு, வேண்டும்போது கூட்டலாம்” என்று யோசனை கூறினான். விசையைத் தட்டினால் எல்லை மீறக்கூடிய வண்டியை எல்லை மீறிய வண்டியாகவே கொள்வர் என்று மைத்துனர் அதையும் தடுத்தார்.

எஞ்சிய வழி விற்றுவிடுவது. இரண்டாம் நாளே ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் இளமை, விலையில் பேரம் இல்லை. “வேலைக்குப் போய்வரத் தேவை” என்றார். மருமகன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பின்னர், “இதை வீதியில் ஓட்டக் கூடாது. பிடித்தால் வண்டியும் போகும், லைசென்சும் போகும்” என்றான். மறுமுனையில் நன்றி கூறி வைத்துவிட்டார். மூன்று மாத உழைப்பு மீண்டும் கொட்டிலுக்குள் போயிற்று. தங்கை அன்று அவனுக்குப் பிடித்த ஒடியற்கூழ் காய்ச்சினாள். காரணம் ஒன்றும் கூறவில்லை.

நம் இளமையில் இரவில் விளக்கின்றிச் சைக்கிளில் வரும்போது, தூரத்தே பொலிஸ்காரரைக் கண்டால் குதித்து இறங்கி உருட்டத் தொடங்குவோம். ஏறியிருந்தால் குற்றம், இறங்கி உருட்டினால் பாதசாரி. ஒரு குதிப்பில் எல்லையைக் கடந்துவிடலாம். இலண்டன் வீதியில் இந்த எல்லை மோட்டாரின் உள்ளேயே இருக்கிறது. அதைக் குதித்துக் கடக்க முடியாது. வாங்குமுன் குனிந்து படித்தறியவே முடியும்.

நாம் ஊர் திரும்பிய இரண்டாம் மாதம் மருமகன் படமொன்று அனுப்பியிருந்தான். வேலைக்கு ஓட்டும் வானின் பக்கத்திலே, தவணைப் பணத்தில் வாங்கிய வேறொரு துவிச்சக்கரவண்டி சாத்தியிருந்தது. அதன் தகட்டை மட்டும் பெரிதாக்கி இன்னொரு படம். அதில் இருந்த எண்ணை வாசகர்கள் ஊகித்துக்கொள்வர். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: “மாமா, அடுத்த முறை வாருங்கோ, நதிவரைக்கும் போட்டி.”

பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் பெற்றோர் தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா, குளிருக்கு உடுத்தாயா என்று கேட்பது வழக்கம். அவற்றோடு, “உன் வண்டியில் என்ன எண் எழுதியிருக்கிறது?” என்பதையும் ஒருமுறை கேட்டு வைப்பது நன்று.