கிதாபு அலமாரியின் கீழ்த்தட்டு

சென்ற ஆண்டு என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்காக எங்கள் இல்லம் வந்திருந்த நாட்களில், அந்தப் பூனையும் சூல் கொண்டிருந்தது.

நாங்கள் வளர்த்த பூனை என்று சொல்வதற்கில்லை. தானாகவே வந்தது. நான் ஒளுச் செய்யும் வேளையில் தொட்டியின் விளிம்பில் அமர்ந்து பார்த்துக் கொண்டிருக்கும். ஒளுவுக்கு வைத்த தண்ணீரைப் பூனை குடிக்கவென அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அதனை வியந்து நோக்கிய தம் மருமகள் கப்ஷாவிடம், பூனை நஜீஸ் அன்று, உங்களைச் சுற்றி வரும் உயிர்களுள் ஒன்று என்ற நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கை எடுத்துரைத்தார்கள். இதனை ஓதியவன் ஆதலால் நானும் அதனை விரட்டியதில்லை. அவ்வளவே எங்கள் உறவு.

ஒரு நாள் அது தும்மத் தொடங்கியது. மறுநாள் கண்கள் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. மூக்கில் சளி அடைத்தது. மீன் தலையை முன்னே வைத்தும் முகர்ந்து பார்க்கவில்லை. பெருத்த வயிற்றோடு கொல்லை மூலையில் சுருண்டு கிடந்தது.

அண்டை வீட்டுப் பெண்கள் அச்சமூட்டினர். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் நோய்கண்ட பூனை ஆகாது, வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு என்றனர். எனக்கும் நடுக்கம் கண்டது. இஷாத் தொழுகை முடிந்து வந்து, ஒரு கோணிப்பையை எடுத்தேன். மீன் இறங்கும் துறையில் விட்டுவிட்டால் பிழைத்துக் கொள்ளும் என்பது என் எண்ணம்.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த ஹதீஸை நான் ஆண்டுதோறும் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். அவள் உணவும் அளிக்கவில்லை. தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்து விடவும் இல்லை. நான் கட்டவில்லையே, விடுதலைதானே செய்கிறேன் என்று மனத்துக்குள் ஒரு ஃபத்வாவையும் தயார் செய்து வைத்திருந்தேன். ஓதியவனுக்கு இப்படிப்பட்ட ஃபத்வாக்கள் எளிதில் கிடைத்துவிடும்.

கோணியைக் கண்ட மகள், "வாப்பா, அதுவும் புள்ளத்தாச்சிதானே?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்து நடக்கவும் வலுவற்ற உயிரை இரை தேடச் சொல்லித் துறையில் விடுவதற்கும், கயிற்றால் கட்டிப்போடுவதற்கும் என்ன வேற்றுமை? கோணியை மடித்து வைத்தேன்.

மறுநாள் காலை அதே கோணியை ஒரு கூடையில் விரித்து, பூனையைக் கால்நடை மருந்தகத்துக்குச் சுமந்து சென்றேன். மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பூனையின் கர்ப்பக் காலம் ஏறத்தாழ 63 நாள் என்றும், இதற்கு இரண்டு வாரத்துக்குள் பிரசவம் ஆகலாம் என்றும் கூறினார். பின்னர், "வீட்டில் மாத்திரை ஏதும் கொடுத்தீர்களா, ஹஸ்ரத்?" என்று கேட்டார்.

கொடுத்திருந்தோம். அதாவது, கொடுக்க முயன்றோம். என் மனைவி இரக்கத்தால் பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கரைத்து வைத்திருந்தாள். பூனை அப்பாலை நக்கவில்லை. மருத்துவர் பெருமூச்சு விட்டார். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் அம்மருந்தைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லையாம். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, பாதி மாத்திரையிலேயே பூனை மடியக்கூடுமாம். வீடு திரும்பியதும் மனைவி அந்தப் பால் கிண்ணத்தைத் தேடி எடுத்துக் கழுவினாள். இரண்டு முறை கழுவினாள்.

குட்டிகளுக்கு ஊறு செய்யாத மருந்தைத் தெரிந்து கொடுத்தார் மருத்துவர். மகளைப் பற்றியும் கேட்டேன். டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி பூனையின் மலத்தின் வழியே பரவக்கூடும் என்பது மெய்யே. ஆனால் மலத்தில் வெளிப்பட்டு ஒரு நாளேனும் கழிந்த பின்னரே அது தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே மண்தட்டை நாள்தோறும் மற்றவர் அகற்ற வேண்டும். மகள் அதனைத் தொடலாகாது. தோட்ட மண்ணையும் வேகாத இறைச்சியையும் அவள் தவிர்க்க வேண்டும். பூனையைத் துரத்த வேண்டியதில்லை என்றார். மகளைப் பார்க்கும் மருத்துவரம்மாவும் அவ்வாறே கூறினார். மண்தட்டு என் பொறுப்பாயிற்று. ஐம்பது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த புதிய உத்தியோகம்!

மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாது. மணம் தெரியாத உணவை அது தீண்டாது. சில நாள் முழுப்பட்டினி கிடந்தால் ஈரலே கெட்டுவிடும். எனவே சாளை மீனை அவித்து, முள் நீக்கி, வெதுவெதுப்பாக மசித்து வைத்தோம். குளியலறையில் வெந்நீர் ஆவி நிரப்பி அதனோடு நானும் அமர்ந்திருந்தேன். மனைவி யூகலிப்டஸ் தைலம் விடப் போனாள். அதுவும் பூனைக்கு ஆகாது என்று மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். கொதித்தாறிய உப்பு நீரில் பஞ்சை நனைத்துக் கண்களைத் துடைத்தேன். சட்டையெல்லாம் அதன் சளி. இதனோடு தொழலாமா என்று மனைவி கேட்டாள். நம் ஷாஃபிஈ மத்ஹபில் உயிருள்ள பூனையின் சளியும் எச்சிலும் சுத்தமானவையே என்றேன். ஆயினும் சட்டையை மாற்றிக் கொண்டேன். பக்கத்து ஸஃப்பில் நிற்பவரையும் எண்ண வேண்டுமே!

நான்காம் நாள் மீனை மோந்தது. ஐந்தாம் நாள் தட்டை நக்கியது.

பிரசவத்துக்கென நாங்கள் வைத்த மரப்பெட்டியை அது மதிக்கவில்லை. என் கிதாபு அலமாரியின் கீழ்த்தட்டிலேயே போய்ப் படுத்தது. கிதாபுகளை அவசரமாய் மேசைக்கு மாற்றிப் பழைய கைலியை விரித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சுபுஹுக்கு முன் நான்கு குட்டிகள் ஈன்றது. ஒன்று அசையவில்லை. தாய் அதனை நெடுநேரம் நக்கிக் கொண்டிருந்தது. மகள் வாசலில் சாய்ந்து நின்று அதனையே பார்த்தாள். நான் போய்ப் படுக்கச் சொல்லியும் போகவில்லை. விடிந்ததும் முருங்கை மரத்தடியில் அதனைப் புதைத்தேன். எஞ்சியவற்றுள் ஒன்றின் கண்ணும் சில நாளில் பீளை கட்டியது. மீண்டும் பஞ்சு, மீண்டும் உப்பு நீர்.

பதினொரு நாள் கழித்து மகளுக்கு வலி கண்டது. வண்டியில் ஏறும்போது அவள் என் கையைப் பற்றி, "வாப்பா, அந்தச் சின்னது பால் குடிக்குதா?" என்று கேட்டாள். குடிக்கிறது என்றேன். மெய்யாகவே குடித்துக் கொண்டிருந்தது.

பேத்திக்கு இப்பொழுது நடை பழகுகிறது. குட்டிகள் மூன்றும் உறவினர் வீடுகளுக்குச் சென்றுவிட்டன. பால்குடி மறந்த பின் தாய்க்குக் கருத்தடையும் செய்துவிட்டோம். கீழ்த்தட்டை மட்டும் அது திருப்பித் தரவில்லை. அக்கிதாபுகள் இன்னும் என் மேசைமீதே அடுக்கிக் கிடக்கின்றன.