ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் வரலாம் என்று நாளிதழில் நாலு வரிச் செய்தி. 2011-இல் தொடங்கியது, ஜனவரியில் நடப்பது. மணிமுத்தாறிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து நடத்துகின்றன. தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட, அம்பாசமுத்திரம் பக்கத்துக் குளத்துக்குப் போன குழுவில் ஒட்டிக்கொண்டேன்.

 

ஏன் ஜனவரி? வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் பெருகியிருக்கும். வடக்கேயிருந்து வலசை வருபவையும் வந்து சேர்ந்திருக்கும். நதியுண்ணி, கன்னடியன் கால்வாய்கள் நீர் கொண்டுபோகாவிட்டால் இந்தப் பக்கம் வாத்துக்கு ஏது வேலை?

கரையில் இரண்டு பேர் ஒரு ஜோடி. பைனாகுலர் பிடித்தவர் கண்ணை எடுக்கக் கூடாது. மற்றவர் எழுத வேண்டும். எழுதியவள் ஒரு கல்லூரி மாணவி. பார்த்தவர் உள்ளூர்ப் பெரியவர், குளத்து மடையைத் திறந்து அடைத்தே காலம் தள்ளியவர். நாமக்கோழிக் கூட்டத்தை அவர் ஒவ்வொன்றாக எண்ணவில்லை. முதலில் பத்தைச் சரியாக எண்ணினார். அந்தப் பத்து தண்ணீரில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவை அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனார், மரக்காலால் நெல் அளக்கிற மாதிரி. இடையில் கூட்டம் எழும்பி அவர் எண்ணி முடித்த பக்கமே போய் இறங்கியது.

“அத எழுதாத தாயி. அது நம்ம கணக்குல வந்தாச்சு.”

அரிய பறவையைப் படமெடுக்க வந்தவர்கள் அரை மணியில் கிளம்பிவிட்டார்கள். மடையானையும் உண்ணிக்கொக்கையும் எண்ணப் பொறுமை வேண்டுமே! இன்று மலிந்து கிடப்பதை எழுதிவைக்காவிட்டால், பத்து வருஷம் கழித்து அது குறைந்ததை எதை வைத்துச் சொல்வது?

திடீரென்று வெடிச்சத்தம். நீர்க்காகங்கள் மொத்தமாகக் கிளம்பின. மீன் குத்தகைக்காரர் ஆள்வைத்துப் போடும் வெடியாம். இவர் ஏலத்தில் எடுப்பது மீனைத்தான். குளத்தையே எழுதி வாங்கியதாக நினைப்பு. மடை காத்த கிழவருக்குக் கெண்டை ஒன்று கிடையாது, கூலிக்கு வலை இழுப்பவனுக்கும் சொற்பம்தான். லாபம் முழுக்க ஊருக்கு வெளியே போகிறது, பழி நீர்க்காகத்தின் மேல். நத்தைகொத்தி நாரை தின்பது நத்தையை. அதையும் சேர்த்துத்தானே விரட்டுகிறார்கள்? பெரியவரிடம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

“நீங்க ஏன் கெடந்து கத்துதீய? வெடி போட்ட நேரத்தையும் எழுதச் சொல்லுங்க.”

மாணவி எழுதியிருந்தாள். இதுபோலவே பிப்ரவரியில் நாலு நாள் கல்லூரி வளாகங்களிலும் பறவைக் கணக்கெடுப்பு உண்டு. பதினைந்து நிமிஷம் ஒதுக்கினாலே ஒரு பட்டியல் தேறும். தன் கல்லூரியில் தோழிகளைச் சேர்த்துவிட்டாளாம். விடுதிக்குப் பின்னால் கழிவுநீர் தேங்கும் குட்டையில் தாழைக்கோழி நடமாட்டம் உண்டாம், அங்கிருந்தே ஆரம்பிக்கப் போகிறார்கள்.