இடம் கொடுத்தல்

'இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்ற பழமொழியை என்னை உத்தேசித்து முதலில் சொன்னவர் எனக்கு ஆங்கில இலக்கியம் கற்பித்த ஒரு பேராசிரியர். 2006-ல், பி.ஏ. முதல் வருஷம். எம்.ஏ. மாணவர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்த பீரோவிலிருந்து ஒரு விமர்சன நூலைக் கேட்டிருந்தேன். நூலகர் அவரைக் கேட்டு வா என்று அனுப்பினார். அவர் வகுப்பில் வைத்து, சிரித்துக்கொண்டே, இதைச் சொன்னார். அந்த வருஷம் வகுப்பறையில் அவர் பேசிய ஒரே தமிழ் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை சுலபமாகியிருக்கும். தமிழ் மீடியத்திலிருந்து வந்த எங்களை இரண்டு பெஞ்சுகளில் சேர்த்து உட்காரவைத்திருந்தார். எங்களிடம் கேள்வி கேட்கமாட்டார். திணறவைத்து வேடிக்கை பார்க்கக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். பரீட்சையில் பாஸ் மார்க்கும் போட்டுவிடுவார். ஆனால் மூன்று வருஷம் ஒரு கேள்வியும் கேட்கப்படாமல் ஒருவன் வகுப்பில் இருப்பது, அவன் அங்கே இல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

'இடம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். கல்லூரியில் கிடைப்பதும் இடம், தாடிக்கொம்பு பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடிப்பதும் இடம். ஆனால் எங்கள் ஊரில் 'அவன் எடம் குடுக்கமாட்டான்' என்றால் நெருங்கவிடமாட்டான் என்று அர்த்தம். அரசாணை முதல் அர்த்தத்தில் மட்டுமே செல்லுபடியாகும். பழைய சொல் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் என்பது. நீளமான, கரடுமுரடான சொல்தான். ஆனால் அதில் கொடுப்பவன் என்று ஒருவன் இல்லை. பிரதிநிதி தன் பங்குக்கு வந்து உட்காருகிறான், அவ்வளவுதான். பிறகு வந்த 'ஒதுக்கீடு' என்ற சொல்லில் ஒதுக்கித் தருவதும் இருக்கிறது, ஒதுக்கிவைப்பதும் இருக்கிறது. 'சலுகை' என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

பேரேடு எழுதுகிறவனுக்குக் கணக்கு முக்கியம். 1914-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பதிவுபெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவர்களில் 452 பேர் பிராமணர். நீதிக்கட்சி இந்தக் கணக்கிலிருந்துதான் பேச ஆரம்பித்தது. 1940-களின் கடைசியில் சென்னை மாகாணத்தின் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்தையும் இப்படிப் பிரித்தார்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம் இதை அடித்துவிட்டது. வழக்குப் போட்ட அம்மாள் அந்த மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது வேறு கதை. அதே வருஷம் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) வந்தது. பிறகு சட்டநாதன் கமிஷன், 1989-ல் மிகப் பிற்பட்டோர், 1993-ல் 69 சதவீதத்தைக் காக்கும் சட்டம், 2009-ல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு, 2020-ல் அரசுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம். 2021-22 கணக்குப்படி, கல்லூரி வயதில் இருப்பவர்களுக்கு உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்களின் விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. இது சாதாரண காரியமில்லை. இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நானே இந்தக் கணக்கில் ஒரு வரி.

ஆனால் பாடம் கேட்க வருகிறவனுக்குத் திறந்த கதவு, பாடம் சொல்ல வருகிறவனுக்கு அதே அளவில் திறக்கவில்லை. ஒரு சின்ன உதாரணம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிட, பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாகக் கொள்ளாமல் ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ளவேண்டும் என்று 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது, 2018-ல் யு.ஜி.சி. அதை எல்லோருக்கும் அனுப்பியது. துறைவாரிச் சுழற்சியில் நான்காவது இடம் பிற்பட்டோருக்கு, ஏழாவது பட்டியல் சாதிக்கு, பதினான்காவது பழங்குடிக்கு. மூன்றே ஆசிரியர்கள் உள்ள ஒரு துறையில் ஒதுக்கீடு தொடங்கவே தொடங்காது. சதவீதத்தில் ஒரு புள்ளிகூட யாரும் குறைக்கவில்லை. வகுக்கும் எண்ணைச் சின்னதாக்கினார்கள், போதும். 2019-ல் தனிச்சட்டம் வந்துதான் அது சரியானது. எங்கள் பாங்கில் வட்டிக் கணக்கை இப்படி யாராவது போட்டிருந்தால் ஆடிட்டர் விட்டிருக்கமாட்டார்.

அரசாணைக்கு எட்டாத அந்த இரண்டாவது அர்த்தத்தைக் கையாளப் பார்த்த ஒரு இடம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு வடக்கே தாடிக்கொம்பு என்றால் தெற்கே, மதுரை ரோட்டில், காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. 1956-ல் கிராமியக் கல்விநிலையம், 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சௌந்தரம் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், இளம் வயதில் விதவையாகி, பிறகு மருத்துவம் படித்து, சாதியும் மொழியும் வேறான ஒருவரை 1940-ல் மணந்துகொண்டவர். தன் வாழ்க்கையில் செய்து பார்த்ததையே அவர் ஒரு கல்விநிலையமாக்கினார் என்று சொல்லலாம். அங்கே சர்வமதப் பிரார்த்தனையும் உடலுழைப்பும் கிராமத்தில் தங்குவதும் படிப்போடு சேர்ந்தவை. கிராமத்திலிருந்து வந்த பையனைக் கிராமம் பார்க்க அனுப்புகிறார்களே என்று கேலி செய்திருக்கிறேன். இப்போது அந்தக் கேலியில் அவ்வளவு நிச்சயமில்லை. தன் தெருவைத் தாண்டி அடுத்த தெருவில் ஒரு நாளும் உட்கார்ந்திராதவனுக்கு சொந்த ஊரும் பார்க்காத ஊர்தான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவன் என் வகுப்புத் தோழன். அதே தமிழ் மீடியம் பெஞ்சு, அதே பஸ். அவன் காலனிப் பையன். நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, ஊருக்குள் வீடு. என்னைவிட நன்றாகப் படிப்பான். 'மாக்பெத்'தை ஒரு பங்காளிச் சண்டையாக, குடகனாற்றங்கரையில் நடப்பதாக, எங்கள் ஊர்ப் பெரியவர்களின் குரல்களில் பஸ்ஸின் பின்சீட்டில் சொல்லிக் காட்டுவான். அந்த நாடகம் எனக்குப் புரிந்தது அங்கேதான், வகுப்பில் அல்ல. ஒரு நாள் நோட்டு வாங்க என் வீட்டுக்கு வந்தான். அம்மா அவனை உட்காரச் சொன்னாள், முறுக்கு வைத்தாள், அன்பாகத்தான் பேசினாள். டீயை மட்டும் திண்ணை மாடத்தில் தனியாகக் கிடந்த ஒரு டம்ளரில் கொடுத்தாள். நான் எவர்சில்வர் டம்ளரில் குடித்தேன். அவன் குடித்து முடித்து, யாரும் சொல்லாமல், தொட்டித் தண்ணீரில் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை. இரண்டாம் வருஷம், 2008-ல், கல்லூரிக்கும் வரவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கஷ்டமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கென்று யு.ஜி.சி. 2012-ல் விதிகள் கொண்டுவந்தது. சம வாய்ப்புப் பிரிவு வேண்டும், பாகுபாட்டை விசாரிக்க ஓர் அதிகாரி வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த விதிகள் அமலில் இருக்கும்போதுதான் 2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் ரோஹித் வேமுலா இறந்தான். 2019-ல் மும்பையில் பாயல் தட்வி என்ற மருத்துவ மாணவி. இரண்டு தாய்மார்கள், ராதிகா வேமுலாவும் ஆபிதா தட்வியும், அந்த வருஷம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2026 ஜனவரியில் புதிய விதிகள் வந்தன. எதிர்ப்புக் கிளம்பி அதே மாதம் நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்தது. விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. வேண்டும், பல்லோடு வேண்டும். ஆனால் எந்தப் படிவத்திலும் என் அம்மாவின் டம்ளரை எழுத ஒரு கட்டம் இருக்காது. அது கல்லூரி வளாகத்துக்கு வெளியே நடந்தது. பஸ்ஸில் என்னோடு வளாகத்துக்குள் வந்தது.

இந்த இதழை வாசிக்கும் நூறு நூற்றைம்பது பேரிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நாமும் ஒரு சின்னப் பல்கலைக்கழகம்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம். அங்கே 'தகுதி' என்கிறார்கள், இங்கே 'தரம்' என்கிறோம். க.நா.சு. போட்டது போலப் பட்டியல் போட நமக்கும் ஆசை. தரம் என்ற மதிப்பீட்டைக் கைவிடச் சொல்லவில்லை. அது போனால் விமர்சனம் போயிற்று. ஆனால் தரத்தைத் தீர்மானிக்கும் காதுகள் எந்தத் தெருக்களில் வளர்ந்தவை என்ற கேள்வியை, அந்தப் பேராசிரியரைப் போலவே, நாம் சிரித்து ஒதுக்கியிருக்கிறோம். என் விஷயம் இன்னும் மோசம். பத்து வருஷங்களுக்கு முன் நான் எழுதிய முதல் விமர்சனக் கட்டுரையை உங்களில் சிலர் பாராட்டினீர்கள். ஷேக்ஸ்பியரின் துன்பியலைப் பங்காளிப் பகையாக வாசித்தது புதிய பார்வை என்று ஒரு நண்பர் கடிதம் போட்டார். அந்தப் பார்வை பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து வந்தது. கட்டுரையில் எலியட் பெயர் இருந்தது, வில்சன் நைட் பெயர் இருந்தது. அவன் பெயர் இல்லை.

2024 ஜூலையில் அவன் என் கவுண்டருக்கு வந்தான். கூட ஒரு பெண். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருவதற்குக் கணக்குத் தொடங்கவேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து அரசுப்பள்ளியில் படித்த பெண்கள் இப்படி வந்துகொண்டே இருக்கிறார்கள். படிவத்தை அப்பாவோ சித்தப்பாவோ பிடித்துக்கொள்ள, கையெழுத்தை அவர்களே போடுகிறார்கள்.

"சார், அண்ணன் மக. பி.ஏ. இங்கிலீஷ் சேந்திருக்கு. காலேஜ்ல பாஸ்புக் நகல் கேக்குறாங்க."

என்னை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 'டா' போட்டுப் பேசியவன் 'சார்' என்றான். நான் படிவத்தைச் சரிபார்த்தேன், ஆதாரை வாங்கினேன், நாமினி பெயர் கேட்டேன். எல்லாம் முடிந்து அந்தப் பெண் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோதுதான் கேட்டேன், ஏன் அன்றைக்கு நின்றுவிட்டாய் என்று.

"அப்பக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வரிசையில் பின்னால் ஆள் நின்றது. நகர்ந்துகொண்டான்.

அந்தப் பெண் பாஸ்புக்கில் வரவு பதிய அவ்வப்போது வருகிறாள். ஒரு தடவை என்னம்மா பாடம் நடக்கிறது என்று கேட்டேன். பாமாவின் 'கருக்கு' என்றாள், ஆங்கில மொழிபெயர்ப்பில். கைடு வைத்துக்கொண்டு படிக்கிறாளாம். 1992-ல் மதுரைப் பக்கத்துத் தமிழில் வந்த புத்தகம், 2000-ல் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்து, சுற்றிக்கொண்டு இந்தப் பெண்ணிடம் ஆங்கிலமாக வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ்ப் பிரதி என்னிடம் இருந்தது. எலியட்டைப் படித்திருக்கிறாயா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்தவள், சித்தப்பாவும் படிக்கிறார் என்றாள். அப்புறம் மொழிபெயர்ப்பில் ஓரிடம் தப்பாகப் போட்டிருப்பதாகத் தோன்றுகிறது என்று பக்கத்தோடு சொன்னாள். கவுண்டரில் வைத்து ஒத்துப்பார்த்தோம். என் அபிப்பிராயத்தில் மொழிபெயர்ப்பு சரி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து நிமிஷம் தர்க்கம் செய்தாள். மேனேஜர் கண்ணாடி வழியாக இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. போன வாரம் வந்து இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு போனாள்.