முதல் ஆள் ஏறும்போது

புரட்டாசி பிறந்துவிட்டால் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓட்டு வேலைக்கு ஆள் பிடிப்பது கஷ்டம். ஐப்பசி மழை இறங்குவதற்குள் கூரையைப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த குழுவோடு போய் இருந்தேன். மேஸ்திரி, அவருடைய தங்கச்சி மகன், இன்னும் இரண்டு ஆட்கள். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். சாவியும் மேற்பார்வையும் எதிர்வீட்டு ஆச்சியிடம்.

செட்டிநாட்டு வீடுகளின் கூரையில் நாட்டு ஓடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். நாலு பக்கச் சரிவிலிருந்தும் தண்ணீர் நடுவில் இருக்கும் வளவு முற்றத்துக்கு இறங்கும். இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயிலும், முற்றத்து ஓரமாக ஓடும் தகர வாய்க்காலிலும் வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் எதிர்த்து ஏறி ஓட்டுக்கு அடியில் புகுந்துவிடும். பிறகு கைமரம் ஊறிச் சொத்தை விழும். பர்மாத் தேக்காக இருந்தாலும் வருஷக்கணக்கில் ஈரம் நின்றால் தாங்காது. சருகை அள்ளி, உடைந்த ஓட்டை மாற்றுவதுதான் இந்தப் பருவத்து வேலை. கேட்க எளிது. ஆனால் எல்லாம் கூரை விளிம்பில் நடக்கிறது.

அன்று காலை முதலில் இறங்கிய சாமான் ஓடு இல்லை, கயிறு. தேங்காய் நார்க் கயிறு, நாலு சுருள். "நைலான் வழவழன்னு இருக்கும் சார், முடிச்சு தானா இளகும். நார் கடிச்சுப் பிடிக்கும்" என்றார் மேஸ்திரி. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் கயிறு பார்வைக்கு நன்றாக இருந்தே பட்டென்று அறும் என்பதால் அதை அவர் பொருட்கட்டு கட்டக்கூட அனுமதிப்பதில்லை.

ஏணி மூங்கில், 16 அடி. இறவாரம் தரையிலிருந்து 12 அடி. சுவரோரம் இறவாரத்து நுனிக்கு நேர் கீழே ஒரு கல்லை வைத்து, அதிலிருந்து பாதத்தால் மூன்று அடி அளந்து ஏணியின் கால் வந்தது. நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளல் என்பது உலகமெங்கும் சொல்லப்படும் கணக்கு. மேஸ்திரிக்கு அது பாதத்தில் இருக்கிறது. ஏணியின் தலை இறவாரத்துக்கு மேல் மூன்று அடி நீண்டு நின்றது. மேலே கால் மாற்றும்போது கையால் பிடிக்க ஏதாவது வேண்டுமே.

அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் விசையைப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஆள் ஏணி விளிம்பைத் தொடும் உயரத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 12 அடிக்கு 3 அடி தள்ளி வைத்திருந்தால், ஏணியின் காலை வெளியே நழுவத் தள்ளும் விசை ஏறத்தாழ 15 கிலோ. அதையே 6 அடி தள்ளிப் போட்டால் 30 கிலோ. ஆள் பாதி ஏணியில் இருக்கும்போது இதில் பாதிதான் இருக்கும். கீழே நாலு படி ஏறி, "ஆடலே" என்று திருப்திப்படுவது அதனால்தான் ஏமாற்று. ஏணி நழுவ நினைப்பது ஆள் உச்சிக்குப் போன பிறகு.

கீழே ஒருவர் பிடித்துக்கொண்டால் போதாதா என்று கேட்டேன். மருமகன்தான் பதில் சொன்னார்: "அடியில வழுக்குனா பிடிக்கலாம் சார். தலை பக்கவாட்டுல ஓடுனா கீழ நிக்கிறவன் என்ன பண்ணுவான்? வேடிக்கதான் பாக்கணும்." மேஸ்திரியின் அண்ணன் இடுப்பு போனது அப்படித்தான். தகர வாய்க்காலில் சாத்திய ஏணி, தகரம் நசுங்கி, சாய்ந்த பக்கமே வழுக்கிக்கொண்டு போனது. இப்போது இந்தக் குழு தகரத்தில் ஏணி சாத்துவதே இல்லை. வெளிப்பக்கம், வாய்க்கால் இல்லாத இறவாரத்தில்தான் ஏறுகிறார்கள். ஏணி விளிம்பைத் தொடும் இடத்தில் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டிச் சாக்குச் சுற்றியிருந்தார்கள். பாரம் ஓட்டின் நுனியில் விழாமல் இரண்டு மூன்று கைமரங்களுக்குப் பிரிந்து போகிறது.

உச்சியில் கைமரத்தோடு கட்டிய ஏணிதான் பத்திரமான ஏணி. ஆனால் அந்த முடிச்சைப் போட ஒருவர் ஏறியாக வேண்டும். அவர் ஏறுவது கட்டாத ஏணியில். சாயங்காலம் அதை அவிழ்த்துவிட்டு இறங்குகிறவருக்கும் இதே கதி. நாள் முழுக்க ஏறி இறங்குவதில் இந்த இரண்டு நடையும்தான் ஆபத்தானவை. இந்தத் தொழிலின் சாமர்த்தியம் முழுக்க அங்கேதான் செலவாகிறது.

மேஸ்திரியின் வழி இது. ஏணி தரையில் படுத்திருக்கும்போதே உச்சிப் படிக்கு அருகில் இரண்டு கால்மரத்திலும் நீளக் கயிறு கட்டிவிடுகிறார். ஏணி நிமிர்ந்ததும் கயிறுகளை இடமும் வலமும் கீழே இழுத்து, இரண்டு பக்கத்துச் சன்னல் கம்பிகளிலும் இறுக்கிக் கட்டுகிறார்கள். தலை இனிப் பக்கவாட்டில் ஓடாது. அடிக்காலைத் திண்ணைத் தூணோடு கட்டுகிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணையில் கால் வைக்க நேர்ந்தால் அடியில் ஈரச் சாக்கு, அதோடு தூண் கட்டும் உண்டு. அதற்குப் பிறகே முதல் ஆள் ஏறுகிறார், கை காலி, தோளில் முடிச்சுக்கான கயிறு மட்டும். விளிம்போரத்து ஓடு இரண்டை எடுத்து, கைமரத்தில் இரண்டு கால்மரத்தையும் கட்டுகிறார். மாடி உள்ள வீடாக இருந்தால் அந்த ஏற்றம்கூட வேண்டாம். உள்ளே படியேறிப் போய் மேல்சன்னலிலிருந்தே கட்டிவிடலாம்.

மேலே போனதும் முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் கட்டிய கயிற்றில் இன்னொரு ஏணியை ஓட்டின்மேல் படுக்க வைக்கிறார்கள். அதன்மேல் தவழ்ந்து போய், மேலிருந்தே வாய்க்கால் சருகை வாரி எடுக்கிறார்கள். வீட்டுக்கு வரும் மின்கம்பி இறவார உயரத்தில்தான் நுழைகிறது. அலுமினிய ஏணியை இவர்கள் தொடாததற்கு அதுவே காரணம். மூங்கிலும் நனைந்தால் மின்சாரம் பாயும் என்பதால் தூறலில் வேலை நிற்கிறது.

ஏணியை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் இத்தனையும் திரும்ப நடக்கிறது. "ஒரு ஓடு மாத்த இவ்வளவு கூத்தா?" என்று ஆச்சி சலித்துக்கொண்டார். "கூத்தில்ல ஆச்சி, கூலி" என்று சிரித்தார் மேஸ்திரி. ஆனால் அந்தக் கூலி யாரும் தருவதில்லை. பேச்சு ஓட்டுக்கும் பரப்புக்கும்தான். கயிறு கட்டிய நேரம் குழுவின் நஷ்டக் கணக்கில் போகிறது. அவசரப்படுகிற குழுவுக்கு அடுத்த வீடும் கிடைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் வந்தது. அதில் பதிந்தவருக்கு விபத்துக்குப் பிறகு உதவி உண்டு. விபத்துக்கு முன்னால் கைகொடுக்க வேண்டியிருந்த 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ, 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்காக எழுதப்பட்டது. சொந்த வீட்டில் 10 லட்சம் ரூபாய்க்குள் செய்யும் வேலை அதன் வரம்பிலேயே இருக்கவில்லை. நாலு பேர் குழு, பூட்டிய வீடு, ஒரு வாரத்து வேலை: எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை.

ஆகவே அந்த இடத்தில் இருக்கும் ஒரே அதிகாரி வீட்டுக்காரர்தான். மேஸ்திரி கேட்பதும் அவரிடம்தான். இறவாரத்துக்குக் கீழே, வழக்கமாக ஏறும் இடத்தில், சுவருக்குள் ஆழமாகப் பதித்த இரும்பு வளையம் இரண்டு. அடிச்சுவரில் இன்னும் இரண்டு. அடுத்த வருஷம் எந்தக் குழு வந்தாலும் கட்ட இடம் இருக்கும். கூலி பேசும்போது ஏணி கட்டும் நேரத்தையும் சேர்த்துப் பேசுவது இரண்டாவது கோரிக்கை. வளையத்துக்குச் சில வீடுகளில் சம்மதம் கிடைத்திருக்கிறது. கூலிக்கு இன்னும் இல்லை.