பறக்கும் வீரனுக்கு ஏற்ற இயக்குநர்

சூப்பர்மேனைத் திரையில் பறக்கவிட யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? தந்திரக் காட்சி தெரிந்தவரையா? அது மட்டும் போதாது என்பேன் நான்.

1978இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தை இயக்கியவர் ரிச்சர்ட் டானர். 1976இல் 'தி ஓமன்' என்ற திகில் படம் எடுத்தவர். சித்திரக் கதைதானே என்று அவர் கேலி செய்யவில்லை. பார்ப்பவர் நம்ப வேண்டுமென்று பாடுபட்டார். கிறிஸ்டோபர் ரீவ் பறந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டாம் பாகத்தைப் பாதியில் அவரிடமிருந்து பறித்து, ரிச்சர்ட் லெஸ்டரிடம் கொடுத்தனர் தயாரிப்பாளர்கள். வீரன் அதே ரீவ்தான். ஆனால், கேலி தலைகாட்டியது.

பால்மரம் சீவக் கத்தி மட்டும் போதுமா? பட்டையின் ஆழம் அறிந்த கை வேண்டாமா? நம் பிள்ளைகள் அந்த வீரனை மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காயப்படுத்தாதவரே என் தேர்வு. உங்கள் தேர்வு யார்?