மிடற்றில் ஒரு வழி

பிரிக்பீல்ட்ஸில் முப்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்த தமிழாசிரியர் ஒருவர், பிறப்பியலை நடத்தும் நாளில் மாணவரைத் தத்தம் மிடற்றின்மேல் விரல் வைக்கச் சொல்வார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று எழுத்தாக உருப்பெறுகிறது என்று தொல்காப்பியர் கூறியதை, அவ்விரல் நுனியாலேயே மாணவர் உணர்ந்துகொள்வர்.

ஓய்வு பெற்ற பின்னர் அதே மிடறு அவரை வருத்தியது. குரல்வளை வீங்கி மூச்சை நெருக்கியது. கிள்ளான் மருத்துவமனை ஒன்றில் அவரைக் கவனித்த மருத்துவர் அவருடைய பழைய மாணவி. கழுத்தைத் திறந்து மூச்சுக்கு வழி செய்ய வேண்டும் என்றவர், தாளில் படம் வரைந்து விளக்கினார்.

கீறல் இரு வகைப்படும். கழுத்தின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழாகக் கீறினால் குருதிப்பெருக்கு குறையும். மூச்சுக்குழலை விரைவில் அடையலாம். தோல்மடிப்பை ஒட்டிக் குறுக்கே கீறினால், ஆறிய வடு மடிப்புக்குள் மறையும். நொடிப்பொழுதும் தாழ்க்கலாகாத வேளையில் இவ்விரண்டிற்கும் காத்திராமல், குரல்வளையின் கேடயக் குருத்தெலும்புக்கும் அதன் கீழுள்ள வளையக் குருத்தெலும்புக்கும் இடையிலான மெல்லிய சவ்வைத் திறப்பர். ஆசிரியருக்கு அவகாசம் இருந்தது. குறுக்குக் கீறலே தேர்ந்தெடுக்கப்பட்டது.

தோலில் எவ்வாறு கீறினும் உள்ளே இடம் தவறலாகாது. மிக உயரத்தில் திறந்தால் குரல்வளை பின்னர் சுருங்கிவிடும் என்பதை ஷெவாலியர் ஜாக்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1921-இல் எடுத்துக்காட்டினார். ஆதலால் மூச்சுக்குழலின் இரண்டாம், மூன்றாம் வளையங்களை ஒட்டித் திறப்பதே பெருவழக்காயிற்று.

ஆசிரியர் ஒன்றே கேட்டார்: “என் குரல் என்னவாகும், அம்மா?”

“குரல்நாண்களுக்குக் கீழேயே காற்று வெளியேறிவிடும், ஐயா. சில நாள் பேச இயலாது.”

“நெஞ்சுவரை வந்த காற்று மிடற்றுக்கு எட்டாது என்கிறாய். சரி, நடக்கட்டும்” என்றார் ஆசிரியர்.

அறுவை இனிது முடிந்தது. மூச்சு சீராயிற்று; பேச்சு நின்றது. தம் எண்ணங்களையெல்லாம் அவர் தாளில் எழுதிக் காட்டினார். வாழ்நாளெல்லாம் ஒலியால் கற்பித்தவருக்கு அந்த மௌனம் கீறலினும் வலித்தது.

வீக்கம் வடிந்ததும் சிறிய குழாய் பொருத்தப்பட்டது. அதன் வாயை விரலால் மூடினால் வெளிமூச்சு குழாயைச் சுற்றி மேலேறிக் குரல்நாண்களைத் தொடும் என்று மாணவி கற்பித்தார். ஒரு காலத்தில் மாணவருக்குச் சொன்னபடியே ஆசிரியர் தம் மிடற்றில் விரல் வைத்தார். கரகரத்த ஒலியொன்று எழுந்தது.

“அ.”

பன்னிரண்டு உயிரும் மிடற்றில் பிறக்கும் என்பது அன்று அவ்விருவருக்கும் பாடமாக மட்டும் இருக்கவில்லை.